பாலையிற் பூத்த கடுகு

கொட்டாஞ்சேனையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: கடுகைத் தாளித்துப் போடும்போது காரம் சிறிதும் தெரிவதில்லை, அதே கடுகை அரைத்து அச்சாற்றிற் சேர்த்தால் மூக்கின் உச்சிவரை ஏறிக் கண்ணீர் வரச் செய்கிறது, இஃது எதனால்? கேள்வி சமையலறையிற் பிறந்ததுதான். ஆயினும் விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மை அமெரிக்கப் பாலைவனம்வரை இழுத்துச் சென்று, அங்கே மார்பளவு உயர்ந்து நிற்கும் ஒரு மஞ்சட் பூச்செடியின் முன்னே நிறுத்திவிடுகிறது. அந்தச் செடியைப் பற்றியே இவ்வாரம் எழுதுவதாக உத்தேசம். முதலில் வாசகிக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

கடுகு மணியினுள்ளே இரண்டு பொருள்கள் தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று, கந்தகமும் வெல்லமும் சேர்ந்த ஒரு சேர்வை. அதற்குக் காரமே இல்லை. மற்றையது மைரோசினேஸ் என்னும் நொதியம். அதற்கும் காரம் இல்லை. மணியை நசுக்கி ஈரம் பட வைத்தால் இரண்டுக்கும் இடையேயுள்ள சுவர் உடைகிறது. நொதியம் அச்சேர்வையைப் பிளக்கிறது. அப்பொழுதுதான் மூக்கைத் துளைக்கும் கடுகெண்ணெய்க் காரம் பிறக்கிறது. அதாவது, காரம் கடுகினுள் இருப்பதன்று. கடுகு காயப்படும்போது உண்டாவது. கொதிக்கும் எண்ணெயில் முழுக்கடுகைப் போட்டால் நொதியம் வெந்து செயலிழந்துவிடுகிறது. பிறகு அங்கே பிளப்பதற்கு ஆளில்லை. வெடித்த கடுகில் நாம் சுவைப்பது வறுவல் மணம் ஒன்றையே. அச்சாற்றுக்குக் கடுகை வினாகிரி விட்டு அரைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. புளிப்பு அந்தக் காரத்தை விரைவிற் கெட்டுப்போகாமற் காக்கிறது. சுடுநீர் விட்டு அரைத்துப் பாருங்கள், காரம் பாதியும் வராது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று பழமொழி சொன்னவர் கடுகை நிச்சயமாக அம்மியில் வைத்து அரைத்தே பார்த்திருக்க வேண்டும். தாளிதத்தை மாத்திரம் கண்டவராயின் அப்படிச் சொல்லியிரார்.

இந்த ஏற்பாடு நமது நாவுக்காக ஏற்பட்டதன்று. இலையைக் கடிக்கும் புழுவுக்கும், மேய வரும் ஆட்டுக்கும் கொடுக்கும் அடியாகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. கடித்த மாத்திரத்தில் வாயில் எரிவு, கடிக்காதவனுக்கு ஒன்றுமில்லை. கோவா, பூக்கோவா, நோகோல், முள்ளங்கி ஆகிய எல்லாமே இந்த ஆயுதத்தைத் தாங்கியவை. வெள்ளவத்தைச் சந்தையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் இவை யாவும் ஒரே குடும்பத்தவை என்பது அவற்றின் உருவத்தைப் பார்த்தால் தெரியாது. பூவைப் பார்த்தாற் தெரியும். நான்கு அல்லிகள், எதிரும் குதிருமாக. ஐரோப்பியர் அதனைச் சிலுவையாகக் கண்டு, சிலுவை தாங்கிகள் என்ற பொருளில் இலத்தீனிற் பெயர் வைத்தார்கள். நாம் அதைச் சொக்கட்டான் பலகை என்று கண்டிருப்போம். உள்ளே ஆறு கேசரங்கள். அவற்றுள் நான்கு நெட்டை, இரண்டு குட்டை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர். நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்து இறங்கினாலன்றிக் கொழும்பில் நமக்குக் கோவா கிடையாது என்பதன் காரணமும் அதுவே.

நெருங்கிய குடும்பம் இப்படியென்றால், சுற்றம் இன்னும் விந்தையானது. தாவர நூலார் கடுகின் உறவினர் வரிசையில் முருங்கையையும் பப்பாசியையும் சேர்த்திருக்கிறார்கள். நம்பாதவர்கள் பப்பாசி விதை ஒன்றைக் கடித்துப் பார்க்கட்டும். கடுகின் காரம் அப்படியே இருக்கும். முருங்கை வேரின் காரத்தைக் கண்டு ஆங்கிலேயர் அதைத் தங்கள் ஊர்க் காரக்கிழங்குக்குப் பதிலாக மேசையில் வைத்துக்கொண்டார்கள். மன்னார்ப் பக்கத்து வறண்ட கரையோரத்தில் நிற்கும் உகாய் மரமும் இந்தச் சுற்றத்ததே. முஸ்லிம் அன்பர்கள் பல் விளக்கும் மிஸ்வாக் குச்சி அம்மரத்தினுடையது. சங்கப் புலவர்கள் உகாயைப் பாலை நிலத்து மரமாகப் பாடியிருக்கிறார்கள் என்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள்.

பாலை என்றதும் ஒரு சிறு விளக்கம் வேண்டியிருக்கிறது. நமது பாலை நிலையான நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுக் கொள்ளும் கோலமே பாலை என்பது இளங்கோவடிகள் கொண்ட கருத்து. மழை பெய்தால் அது மறுபடியும் முல்லையாகிவிடும். நான் சொல்ல வந்தது அப்படி மீளாத பாலைவனம். ஆண்டு முழுதும் காத்திருந்து சில அங்குல மழையை மாத்திரம் பெறும் தரை. அங்கே கடுகினத்தார் பெரும்பாலும் ஒரு தந்திரத்தைக் கையாளுவர்: மழை விழுந்ததும் முளைத்து, அவசரமாகப் பூத்து, விதையை மணலில் எறிந்துவிட்டு மடிந்துபோவர். ஆண்டுகள் பல உயிரோடு நின்று, வெயிலோடு மல்லுக்கட்டிப் பூப்பவர் சிலரே.

இந்தியாவில் அத்தகைய ஒன்றைக் காணவேண்டுமானால் இராஜஸ்தானத்துத் தார் பாலைவனத்துக்குப் போகவேண்டும். பார்சேற்றியா என்னும் குறுஞ்செடி அங்கே மணலிலும் பரலிலும் வளர்கிறது. தண்டு விறகு போன்றது; இலை ஒடுங்கியது; மேலெல்லாம் நரைத்த உரோமம். தட்டையான காயினுள்ளே ஓரத்திற் சவ்வுச் சிறகு கட்டிய விதைகள். அதன் ஓர் இனம் விக்ரர் ஜாக்மோன் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1829 முதல் இந்தியாவில் அலைந்து செடிகொடிகளைச் சேகரித்து, 1832ஆம் ஆண்டு டிசெம்பரில் பம்பாயில் இறந்துபோனார். வயது முப்பத்தொன்று. அவரது பயணக் கடிதங்கள் பிரான்சில் புகழ்பெற்ற நூலாயின. செடியோ, தன் பெயரை அறியாமல், ஒட்டகங்கள் கடந்துபோகும் மணலில் இன்றும் பூக்கிறது.

நிற்க. வாசகியின் கேள்வி நம்மை அழைத்துச் சென்ற இடம் தார் அன்று; அதைவிடத் தொலைவு. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பாதியில், நெவாடா, யூற்றா, அரிசோனா, கொலறாடோ, வயோமிங் முதலிய மாநிலங்களில், வேறெதுவும் பசுமையாய் நில்லாத சாம்பல் நிறக் களிமண் மேடுகளில், இளவேனிலிலும் கோடையிலும் மஞ்சட் சாமரங்கள் நட்டு வைத்தாற்போல ஒரு செடி பூத்து நிற்கும். அடி மரமாகி முற்றியிருக்கும். கீழிலைகள் சிறகுபோற் பிளந்திருக்கும். மேலே நீண்ட பூந்துணர். பூக்கள் அடியிலிருந்து நுனியை நோக்கி மலர்வதால், கீழே காய் பிடித்திருக்க, நடுவிலே பூ விரிந்திருக்க, உச்சியில் மொட்டு கூம்பியிருக்கும். கேசரங்கள் அல்லியைத் தாண்டி வெளியே நீண்டு நிற்பதால் துணர் முழுவதும் இறகு போலத் தோன்றும். அதனால் அவ்வூரார் அதனை இளவரசன் இறகு என்று அழைக்கிறார்கள். நம்மவர் கண்டிருந்தால் நிச்சயமாகச் சாமரைப்பூ என்றிருப்பார்கள். தாவர நூற் பெயர் ஸ்ரான்லியா பின்னாற்றா.

அந்தப் பெயர் வந்த கதை சுவையானது. பிரெடரிக் பேர்ஷ் என்ற ஜெர்மானியர் வட அமெரிக்கத் தாவரங்களைப் பற்றி 1814ஆம் ஆண்டைத் தாங்கிய பெருநூலொன்றில் இச்செடியை முதன்முதலாக வருணித்தபோது, அதைக் கடுகுக் குடும்பத்தில் வைக்கவில்லை. வேளைச் செடிகளின் இனத்திற் சேர்த்துவிட்டார். நமது வேலிகளில் முளைக்கும் நல்வேளையும் நாய்க்கடுகும் இருக்கும் அந்த வேளை இனமேதான்! காரணம் இல்லாமற் செய்யவில்லை. கடுகுப் பூவில் ஆறு கேசரங்களுள் இரண்டு குட்டை என்று சொன்னேன். இச்செடியின் பூவிலோ ஆறும் ஏறக்குறைய ஒரே நீளம். அன்றியும், கடுகுக் காய் பூத்தளத்தின்மேல் நேரே உட்கார்ந்திருக்க, இதன் காய் தனக்கென ஒரு நீண்ட காம்பின்மேல் உயர்ந்து நிற்கும். இரண்டும் வேளைக்குரிய அடையாளங்கள். அமெரிக்கச் செடிகளை நடந்து நடந்து ஆராய்ந்த தோமஸ் நற்றால் 1818இல் இதற்கு ஸ்ரான்லியா எனத் தனியினம் வகுத்தார். பிற்காலத்தார் அதைக் கடுகுக் குடும்பத்தில் உறுதியாக அமர்த்தினர். வேளையும் கடுகும் மிக நெருங்கிய உடன்பிறப்புக் குடும்பங்கள் என்பதை இக்காலத்து மரபணு ஆராய்ச்சியும் நிறுவியிருக்கிறது. எனக்கு இதில் வியப்பாயிருப்பது வேறொன்று. நுண்ணோக்கியும் நூலகமும் இல்லாத நமது கிராமத்தார், வேளைச் செடியின் காயையும் விதையையும் பார்த்து, அதற்கு நாய்க்கடுகு என்று என்றோ பெயர் வைத்துவிட்டார்கள். பேர்ஷ் கடுகை வேளை என்றார்; நம்மவர் வேளையைக் கடுகு என்றார்கள். இருவர் கண்ணுக்கும் ஒரே உறவு தெரிந்திருக்கிறது.

ஸ்ரான்லி என்பவர் யார்? பிற்காலத்தில் டார்பியின் பதின்மூன்றாம் பிரபுவாகிய எட்வேட் ஸ்ரான்லி. பறவைகளிலும் விலங்குகளிலும் பெரும் பித்துக்கொண்டவர். நோஸ்லி என்ற தமது மாளிகையில் பெரிய உயிரினக் காட்சிச்சாலையையே வைத்திருந்தார். அவற்றை ஓவியமாகத் தீட்ட அவர் அமர்த்திய இளைஞர் எட்வேட் லியர், பிற்காலத்தில் வேடிக்கைப் பாடல்களாற் புகழ்பெற்றவர். 1874இல் இலங்கைக்கும் வந்து போனார். பிரபுவின் மகன்தான் 1833இலும், மீண்டும் 1841 முதல் 1845 வரையிலும் குடியேற்ற நாட்டு மந்திரியாயிருந்த ஸ்ரான்லி பிரபு. அக்காலத்து இலங்கைத் தேசாதிபதி எழுதிய அறிக்கைகள் அவருடைய மேசைக்கே போய்ச் சேர்ந்தன. தந்தையின் பெயரைப் பூவும், மகனின் பெயரைக் கோப்புகளும் காத்து வருகின்றன.

இனிக் கதையின் கருவுக்கு வருவோம். இந்த அழகிய செடியை ஆடு மாடுகள் மேய்வதில்லை. அது வளரும் இடத்தில் மேய்ந்த குதிரைகளோ சில வேளைகளில் விபரீதமான நோய்க்கு ஆளாயின. 1856இல், இன்று தென் டக்கோற்றா எனப்படும் பகுதியிலிருந்த ராண்டல் கோட்டையில், மடிசன் என்ற இராணுவ வைத்தியர், படைக் குதிரைகளின் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்து, குளம்புகள் புண்ணாகி விழக் கண்டு, அதைக் குறித்து வைத்தார். பின்னர் அங்கே குடியேறிய விவசாயிகளின் கால்நடைகளுக்கும் அதே கதி. நீரில் உவர் அதிகம் என்று கருதி அதை உவர்நோய் என்று அழைத்தார்கள். நீர் பாவம், அதன்மேல் பிழை இல்லை. 1930களிலேதான் உண்மை வெளிப்பட்டது: நோய் தீனியில் இருந்தது, தீனியில் இருந்தது செலெனியம் என்னும் மூலகம். மார்க்கோ போலோவும் தமது பயணக் கதையில், சீனத்து மேற்கு மலைகளில் ஒரு பூண்டைத் தின்ற அயலூர் மிருகங்களின் குளம்புகள் கழன்று விழும் என்றும், உள்ளூர் மிருகங்கள் அதைத் தொடுவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதுவும் இதே நஞ்சாயிருக்கலாம் எனச் சிலர் கருதுவர், சிலர் மறுப்பர்.

செலெனியத்தை 1817இல் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் பெர்சீலியஸ் கண்டுபிடித்தார். அதற்கு மிக ஒத்த தெலூரியம் என்ற மூலகத்துக்கு ஏற்கெனவே பூமியின் பெயர் இடப்பட்டிருந்தபடியால், இதற்குச் சந்திரனின் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். மூலகங்களின் அட்டவணையில் இது கந்தகத்துக்கு நேர் கீழ்வீட்டில் இருப்பது. குணத்திலும் கந்தகத்தின் இரட்டைச் சகோதரன் போன்றது. வாசகி கேட்ட கேள்விக்கும் பாலைவனத்துக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் முடிச்சுப் போடுகிறது. கடுகினத்துக்குக் காரம் செய்யக் கந்தகம் நிரம்ப வேண்டும்; ஆகையால் அதன் வேர்கள் கந்தகத்தை ஆவலோடு உறிஞ்சும். மண்ணில் செலெனியம் இருந்தால், வாயிற்காவலன் ஆளை மாற்றி விடுவதுபோல, அதுவும் கந்தகத்தின் வேடத்தில் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்து, கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் அமர்ந்து, புரதங்களை உருக்குலைத்துவிடும். சாதாரணச் செடி அதனாலேயே வாடும்.

ஸ்ரான்லியா வாடுவதில்லை. அது செலெனியத்தைப் பிடித்து, அதன்மேல் ஒரு சிறு மெதைல் தொகுதியை ஒட்டி, புரதத்தில் நுழைய முடியாத வடிவில் இலை ஓரங்களிலும் பூக்களிலும் விதைகளிலும் குவித்து வைத்துக்கொள்கிறது. கந்தகமும் செலெனியமும் கலந்து கிடந்தால், செலெனியத்தையே அது விரும்பிப் பொறுக்கும். நமது உணவுப் பயிர்களில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூடப் பெரும்பாலும் தேறாது. இச்செடியின் உலர்ந்த இலையிலோ கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமையும் மிஞ்சும். அமெரிக்க மருத்துவ நூலார் வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு 55 மைக்கிரோகிராம் செலெனியம் தேவை என்றும், 400ஐக் கடத்தல் ஆகாதென்றும் வரையறுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அத்தகைய சருகில் அரைக்கிராம், ஒரு சிட்டிகை, அந்த மேல் எல்லையைக் கடந்துவிடும். மருந்தும் நஞ்சும் ஒரே செப்பில் இத்தனை நெருங்கி இருப்பது அபூர்வம்.

ஆனால் ஹோப்பி முதலான அந்நிலத்துப் பூர்வகுடியினர் இதன் இளங்கீரையை உண்டிருக்கிறார்கள்! அவித்து, நீரை இறுத்துக் கொட்டி, புதுநீரில் மறுபடியும் அவித்து, கசப்பு நீங்கிய பின்னரே உண்பார்கள். இறுத்துக் கொட்டிய நீரோடு நஞ்சின் பெரும்பகுதியும் போய்விடும். நமது ஊரில் காட்டுக்கிழங்கு அவிப்பவர்களுக்கு இந்த முறை புதிதன்று.

செடி எதற்காக நஞ்சைச் சேர்க்கிறது என்ற வினாவைக் கொலறாடோப் பல்கலைக்கழகம் ஒன்றில் எலிசபெத் பிலோன்-ஸ்மித்சும் அவரது மாணாக்கரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். புழுக்களும், அப்பகுதியிற் பொந்துகளில் வாழும் கொறிக்கும் விலங்குகளும், செலெனியம் நிறைந்த செடியை விட்டு விலகிச் சென்றதைக் கண்டார்கள். காரம் ஒரு காவல், செலெனியம் மறு காவல். என்றாலும் காவலை வெல்லும் கள்வனும் உண்டன்றோ? நுவரெலியாத் தோட்டங்களில் கோவாவைத் துளைத்துச் சல்லடையாக்கும் சிறிய அந்துப்பூச்சியை விவசாயிகள் நன்கறிவார்கள். முதுகில் வைரவடிவக் குறி உள்ளது. அதன் ஒரு பிரிவு இந்த நஞ்சுச் செடியையே தின்று கொழுப்பதை 2006இல் அவர்கள் வெளியிட்டார்கள். அப்புழுவின் உடலில் முட்டையிடும் ஒரு குளவியும் அங்கே அதே நஞ்சைத் தாங்கப் பழகியிருந்தது. நஞ்சைச் சுற்றி ஒரு குட்டிக் குடும்பமே நடந்துகொண்டிருக்கிறது.

மனிதனும் இச்செடியைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்தாமல் விடவில்லை. 1950களில், அணுகுண்டுப் போட்டியின் உச்சத்தில், கொலறாடோ மேட்டுநிலத்தில் யுரேனியம் தேடியோர் பலர். அங்கே யுரேனியத் தாதோடு செலெனியமும் சேர்ந்தே கிடந்தது. செலெனியத்தை நாடும் செடிகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அங்கே நிலத்தடியில் தாது இருக்கலாம் என்று அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்து ஹெலன் கெனன் அம்மையார் வழிகாட்டினார். பூவைப் பார்த்துப் புதையல் தோண்டுவது பாட்டிமார் கதையில் மாத்திரம் நடப்பதன்று. ஆனால் தோண்டிய புதையல் என்ன புதையல் என்பதை நினைக்கும்போது மகிழ்ச்சி வரவில்லை.

அதைவிடத் துயரமான கதை கலிபோர்னியாவின் சான் வோக்கீன் பள்ளத்தாக்கில் நடந்தது. வறண்ட நிலத்துக்குக் கால்வாய் நீர் பாய்ச்சிப் பெரும் வேளாண்மை செய்தார்கள். வயலிலிருந்து வடிந்த நீர் மண்ணிலிருந்த செலெனியத்தைக் கரைத்துக்கொண்டு கெஸ்ரர்சன் என்ற பறவைச் சரணாலயத்துக் குளங்களிற் சேர்ந்தது. 1983இல் அங்கே கூடுகளைப் பார்த்தவர்கள் கண்டது கண்ணில்லாத, காலில்லாத, அலகு கோணிய குஞ்சுகள். 1986இல் வடிகால் அடைக்கப்பட்டது. பின்னர் குளங்களும் தூர்க்கப்பட்டன. அப்பள்ளத்தாக்கு மண்ணிலிருந்து நஞ்சை உறிஞ்சி எடுக்கக் காரி பன்யுவெலொஸ் என்ற அரசாங்க மண் ஆராய்ச்சியாளர் நட்டுப் பார்த்த செடிகள் எவை தெரியுமா? ஒன்று ஸ்ரான்லியா. மற்றையது இந்தியக் கடுகு; நமது தாளிதச் சட்டியில் வெடிக்கும் அதே கடுகு. அது ஸ்ரான்லியா அளவுக்குக் குவிக்காது; ஆனால் விரைவில் வளரும், ஏக்கர் கணக்கில் விதைக்கலாம், அறுத்த பயிரை அளவறிந்து கால்நடைத் தீனியிற் கலக்கலாம். செலெனியம் குறைந்த ஊர் மாட்டுக்கு அது மருந்து.

அமெரிக்காவின் தொல்லை நமக்கெதற்கு என்று யாரும் எண்ணவேண்டாம். பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷகர் மாவட்டங்களின் சில கிராமங்களில், சிவாலிக் மலையடிவாரத்திலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மண்ணில் செலெனியம் மிகுந்திருப்பதை லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். அங்கே கோதுமை இலை வெளுத்தது. எருமைகளின் கொம்பும் குளம்பும் உரிந்தன. அந்த நிலத்து விளைவையே உண்டு வாழ்ந்த மக்களிற் சிலருக்கு நகம் சிதைந்து மயிர் உதிர்ந்தது. விளைச்சலைக் கண்டு மகிழ்ந்தவன் அதே விளைச்சலால் நோயுறுவதைப் போன்ற கொடுமை வேறு உண்டோ! பல்கலைக்கழகத்தார் கூறிய பரிகாரங்களுள் ஒன்று வயலுக்கு ஜிப்சம் இடுவது. ஜிப்சத்தில் கந்தகம் இருக்கிறது. உண்மையான கந்தகம் வாசலில் கூட்டமாய் நின்றால், வேடதாரிக்கு உள்ளே போக வழி குறையும் அல்லவா? இரசாயனம் இத்தனை எளிதாய் விளங்கும் இடம் வகுப்பறையிற்கூட எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

மறுபுறம், செலெனியம் குறைந்தாலும் ஆபத்தே. சீனாவின் வடகிழக்கில் கேஷான் என்ற பகுதியில் 1935இல் அறியப்பட்ட ஒரு இதயநோய் குழந்தைகளையும் இளந்தாய்மாரையும் கொன்றுவந்தது. அங்கத்தைய மண்ணில் செலெனியம் மிகக் குறைவு என்பது பின்னர் தெரிந்தது. 1970களில் செலெனிய உப்பு மாத்திரை கொடுத்தபின் நோய் வெகுவாகத் தணிந்தது. பின்லாந்து அரசாங்கம் 1980களின் நடுப்பகுதியிலிருந்து நாட்டுப் பசளையிலேயே செலெனியத்தைக் கலந்து வருகிறது. நமது தீவிலோ, கண்டக்கழலை நோய்க்குக் காரணம் தேடிய பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் பிரித்தானியப் புவியியலாளரும் கிராமத்து மண்ணையும், அரிசியையும், பெண்களின் தலைமயிரையும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்கள் பலரிடம் செலெனியம் குறைவாயிருக்கக் கண்டார்கள். எனினும் கழலைக்கு அதுவே தலையாய காரணம் என அவர்கள் கூறவில்லை. மீனும் முட்டையும் உண்போர்க்கு இதில் அதிகக் கவலை இல்லை. மரக்கறி உணவினர், அரிசியும் பருப்பும் எந்த மண்ணில் விளைந்தனவோ அந்த மண்ணின் தயவில் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடி செலெனிய மாத்திரை வாங்குவோரை மாத்திரம் மன்றாடிக் கேட்கிறேன்: வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். மேலே சொன்ன 55க்கும் 400க்கும் இடையேயுள்ள தூரம் அதிகமில்லை.

இளவரசன் இறகைக் கொழும்பில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். விதை கிடைத்தாலும் பயனில்லை. இங்கே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை; அதன் ஆணிவேர் ஒரு மழைக்காலத்திலேயே அழுகிவிடும். வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருப்போர் அதற்குப் பதிலாக வேறொன்று செய்யலாம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து பத்துக் கடுகை எடுத்து, அடியில் துளையிட்ட பால்மாத் தகரத்தில் மண் நிரப்பித் தூவுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். வெயில் படும் மாடத்தில் வைத்தால் இரண்டு மாதத்துக்குள் பூக்கக்கூடும். பூத்ததும் ஒரு பூவைக் கிள்ளி, கேசரங்களை எண்ணுங்கள், இரண்டு குட்டையாயிருக்கும். பிறகு வெறும் வளவிலோ தெருவோரத்திலோ நல்வேளை எங்கேனும் வெள்ளையாய்ப் பூத்திருந்தால் அதில் ஒரு பூவையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் அல்லி நான்கு, கேசரம் ஆறு. ஆனால் குட்டை ஒன்றும் இராது. கேசரமும் காயும் ஒரு காம்பின்மேல் ஏறி நிற்கும். பேர்ஷ் அந்தக் காம்பை வைத்துத்தான் பாலைவனச் செடியை வேளை இனத்திற் சேர்த்தார்.